சத்தமே போடாத டச்சஸ்

உடுமலைப்பேட்டையில் சென்னியப்பனிடம் யாரும் மணி கேட்க மாட்டார்கள். கேட்டால், கடிகாரத்துக்கு ரெண்டாவது முள் வைக்கச் சொன்னதே தான்தான் என்று ஆரம்பிப்பார். அவர் சொல்லி முடிப்பதற்குள் பழனி பஸ் போய்விடும். அப்படி ஒரு வாய். ஆனால் யாருக்கும் ஒரு குந்துமணி அளவுகூடக் கெடுதல் செய்யாத புளுகு. அதனால் ஊரே உட்கார்ந்து கேட்கும், சிரிக்கும், எழுந்து போகும். அந்தச் சாயங்காலம் மட்டும்தான் சென்னியப்பன் பயந்து பயந்து புளுகினார். மறுநாள் காலை அவருடைய ஒரே மகள் வேணிக்கு முகூர்த்தம். இப்போது மாப்பிள்ளை அழைப்பு.

பிள்ளையார் கோயில் வாசலில் அவருடைய அமெரிக்கக் கார் பூ அலங்காரத்தோடு நின்றது. வின்ட்ராப் டச்சஸ் என்று பேர். டச்சஸ் என்றால் அந்த நாட்டுச் சீமாட்டியாம். இளநீல நிறம். ரெண்டே ரெண்டு கதவு, ஒவ்வொன்றும் ஒரு கட்டில் நீளம். முன்னால் பானட் முடிவே இல்லாமல் போகும். பின்னால் ரெண்டு பக்கமும் தகடு ரெக்கை மாதிரி நிமிர்ந்து நிற்கும். வெள்ளை வளையம் போட்ட டயர், முகம் பார்த்துத் தலை சீவுகிற மாதிரி பம்பர். பதினாலு வருஷமாக அந்த வட்டாரத்தில் எந்த மாப்பிள்ளையும் வாடகைக்கு வரும் இந்தக் காரில் ஏறாமல் மாலை போட்டதில்லை.

விஷயம் என்னவென்றால், அந்தக் காருக்குள் என்ஜின் இல்லை.

சும்மா சொல்லவில்லை, அறவே இல்லை. சென்னியப்பன் அதை ஒரு பண்ணையாரிடம் வாங்கும்போதே இல்லை. பண்ணையார் என்ஜினைக் கழற்றித் தென்னந்தோப்புக் கிணற்று மேட்டில் பம்பு ஓட்ட வைத்துவிட்டார். எட்டு சிலிண்டர் என்ஜின், ராஜா மாதிரி தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. ஓடத் தகுதியான வண்டி என்று தரும் எஃப்.சி. சான்றிதழுக்கு என்ஜின் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுத்து ஒட்ட வேண்டும் என்றபோது, சென்னியப்பன் அந்தக் கிணற்று மேட்டுக்கே போய்க் காகிதத்தை வைத்துத் தேய்த்துக்கொண்டு வந்தார். எஃப்.சி. அன்றைக்கு அடை மழை. காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் மைதானத்தில் நிறுத்தினார்கள். புரோக்கர் பேப்பரை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குள் எடுத்துப் போனான், கையெழுத்தோடு வந்தான். அன்றைக்கும் சரி, அதற்கு முன்னாலும் பின்னாலும் சரி, அந்தப் பானட்டை வெளியாள் ஒருத்தர்கூடத் திறந்ததில்லை.

அப்புறம் கார் எப்படி ஓடும்? மாப்பிள்ளை அழைப்பு எந்த வேகத்தில் போகும், சொல்லுங்கள். நாயனக்காரர் நடக்கிற வேகம். அவர் முச்சந்தியில் நின்று ஒரு ராகம் பிடித்தால் காரும் நிற்க வேண்டும். அதற்கு என்ஜின் எதற்கு? சிவப்புத் தலைப்பாகை கட்டிய ஆறு ஆட்கள், பின் ரெக்கையைப் பிடித்தபடி காவலுக்கு வருகிற மாதிரி வருவார்கள். அவர்கள்தான் என்ஜின். வீட்டுக்கு வெளியே அவர்களுக்கும் நாயனக்காரருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சம்பந்தம் பேசப் போகிற வரைக்கும். தாராபுரத்து மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து காபி குடித்த சென்னியப்பனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நம்ம டச்சஸ் மாதிரி என்ஜின் ஆசியாவுலயே இல்லைங்க. மாப்பிள்ளைய நானே ஓட்டிக் கூட்டிட்டு வர்றனுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த வீட்டில் அப்பா இல்லாத மாப்பிள்ளை நந்தகோபாலை வளர்த்த பெரியப்பா தெய்வசிகாமணி, ரிட்டயர்டு பிரேக் இன்ஸ்பெக்டர், எஃப்.சி.க்கு வண்டி பார்த்தவர் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. நேற்றுத்தான் தெரிந்தது. பெரியப்பா 'எந்திரி' என்றால் அந்த வீட்டில் அத்தனை பேரும் எழுந்துவிடுவார்களாம்.

'பானட்டைத் தெறந்தா என் பொழப்பு போவுது, போகட்டும். பொய்க்காரன் வீட்டுப் பொண்ணுன்னு எம் புள்ளைய ஒரு சொல்லு சொல்லிட்டா?' இதுதான் சென்னியப்பன் மனசில் ஓடியது.

இந்த நேரம் பார்த்து, தள்ளுகிற ஆட்களுக்குத் தலைவன் ஆறுச்சாமி காதருகில் வந்தான்.

"அண்ணா, மாரப்பனுக்கு வயித்தால போவுதுங்க. படுத்துட்டான். இன்னிக்கு அஞ்சு பேருதான்."

"அஞ்சு பேரு தள்ளி இது நகருமாடா?"

"வாய்ப்பே இல்லைங்க."

அதற்குள் தெய்வசிகாமணி வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளை மீசை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காரை ஒரு சுற்றுச் சுற்றினார். பின்னாலேயே மாப்பிள்ளை வீட்டுக் கூட்டம் மொத்தமும் சுற்றியது. விரலால் கதவைத் தட்டிப் பார்த்தார். டயரைக் காலால் உதைத்துப் பார்த்தார்.

"இருவத்தெட்டு வருசம் சர்வீசுங்க சம்பந்தி. பானட்டைத் தெறந்து பாக்காம ஒரு வண்டிக்கு நான் கையெழுத்துப் போட்டது கெடையாது. அதுவும் கிறுக்கல் வேலையே இல்லை, முழுப் பேரையும் தமிழ்ல எழுதுவேன். ம், பானட்டைத் தெறங்க. ஆசியாவுலயே இல்லாத என்ஜினைப் பாப்போம்."

"தெறந்துட்டாப் போவுதுங்க" என்றார் சென்னியப்பன். "ஆனா மொதல்ல பானட்டோட நீளத்தச் சொல்லியாகணுமுங்க. போன மாசம் கோயமுத்தூர்ல சிக்னல். முன் லைட்டு பச்சையில தாண்டிருச்சு. பின் டிக்கி வந்து சேர்றதுக்குள்ள செவப்பு விழுந்துருச்சு. போலீஸ்காரரு பாதி காரை விட்டுட்டாரு, பாதி காரைப் புடிச்சுக்கிட்டாரு."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை மயிலாத்தாள் முன்னால் வந்தாள். அவளுக்கு எதையும் சுலபத்தில் நம்பிப் பழக்கமில்லை.

"அது இருக்கட்டும் சம்பந்தி. இவ்வளவு நீளக் காருக்கு ரெண்டே கதவுதானா? நாங்கெல்லாம் எப்படி ஏறி எறங்கறது?"

"நல்லாக் கேட்டீங்க அக்கா! அந்தக் கதவு கொறஞ்சதுக்குக் காரணமே நாந்தானுங்க."

"நீங்களா?"

"வின்ட்ராப் தொரை மொதல்ல நாலு கதவுதான் போட்டிருந்தாரு. பேப்பர்ல படம் பாத்தேன், மனசே ஆறல. உடனே ஒரு கடுதாசி போட்டனுங்க. 'அய்யா, பின்சீட்டுல உக்கார்றது மாமியாரும் நாத்தனாரும். அவுங்களுக்குத் தனிக் கதவு வெச்சீங்கன்னா பாதி வழியில கோவிச்சுக்கிட்டு எறங்கிப் போயிருவாங்க. கதவே இல்லைன்னா ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள சமாதானம் ஆகித்தான் தீரணும்'னு எழுதினேன். பத்தாம் நாள் தந்தி வருது, 'பின்கதவு ரெண்டையும் புடுங்கியாச்சு, நன்றி'ன்னு. அந்த வருசம் அமெரிக்காவுல குடும்பச் சண்டை பாதியாக் கொறஞ்சு போச்சுங்க."

மயிலாத்தாள் விரல் விட்டு எண்ணினாள். "இந்த மாடல் கார் மொதல்ல வந்தப்போ உங்களுக்கு ஒம்பது வயசுதான் இருந்திருக்கும்?"

"முழுப்பரீச்சை லீவுங்க அக்கா. வேற வேலை?"

"ஒம்பது வயசுல இங்கிலீசுல எழுதுனீங்களாக்கும்?"

"தமிழ்லதான் எழுதினேன். பக்கத்துல படம் போட்டிருந்தேன்."

இப்போது கூட்டம் வாய்விட்டே சிரித்தது. தெய்வசிகாமணியின் மீசையும் லேசாக ஆடியது. ஆனால் கை பானட்டின் மேலேயே இருந்தது. சென்னியப்பன் அதைப் பார்த்தார். ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

"இந்தக் கதவு சாத்துற சத்தத்தக் கேளுங்க சம்பந்தி! இந்தச் சத்தத்துக்குன்னே பன்னெண்டு எஞ்சினியரு, ஆறு மாசம், கதவைச் சாத்திச் சாத்திப் பாத்தாங்க. சுருதி சேரலைன்னா ஒடச்சு மறுக்கா வார்ப்பாங்க. நாயனக்காரரே, சுருதி புடிங்க!"

நாயனக்காரர் பழகின கூட்டாளி. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஒரு சுருதி பிடித்தார். சென்னியப்பன் கதவைச் சாத்தினார். தும்! நாயனக்காரர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார்.

"பஞ்சமம். சுத்தமா இருக்குதுங்க."

"மறுபக்கக் கதவைச் சாத்தினா சட்ஜமம் பேசும். ஒருக்கா என்ர சம்சாரம் கோவமா ரெண்டையும் மாத்தி மாத்திச் சாத்துனா. தெருவுல நாலு பேரு தாளம் போட ஆரம்பிச்சுட்டாங்க."

"கதவு கெடக்கட்டும்" என்றார் தெய்வசிகாமணி. அவருக்குத் தொழில் புத்தி முழித்துக்கொண்டது. "ஜன்னல் கண்ணாடி ரெண்டையும் எறக்கிட்டா நடுவுல தூணையே காணோம். கூரை எதுல நிக்குது?"

"மரியாதையில நிக்குதுங்க."

"என்னது?"

"ஆமாங்க. அவ்வளவு மரியாதையான கூரை. கம்பெனியில ஆனைய ஏத்திப் பாத்தாங்க, அசையல. ஆனை எறங்க மாட்டேன்னுருச்சு, அதுதான் தொந்தரவு. சௌகரியம் அப்படி! வண்டியோட ஸ்பிரிங் இருக்குது பாருங்க, நம்ம ஆழியார்ல இருந்து வால்பாறைக்கு நாப்பது கொண்டை ஊசி வளைவு. ஒரு மாப்பிள்ளைக்கு நேரமாயிப்போச்சுன்னு நாசுவரு வண்டிக்குள்ளயே கத்தி வெச்சு முகம் வழிச்சாரு. நாப்பது வளைவு! முதல் வளைவுல இந்தக் கன்னம், நாப்பதாவதுல அந்தக் கன்னம். ஒரு கீறல் இல்லைங்க. கத்தியத் தொடச்சுட்டு, 'எப்பங்க கெளம்பறோம்?'னு கேட்டாரு. வால்பாறையில நிக்கிறோம்."

"என்ஜின் இழுத்ததா அந்த மலையில?" தெய்வசிகாமணி சட்டென்று கேட்டார்.

சென்னியப்பன் பின்னால் போய் ரெக்கையைத் தட்டினார். ஆறுச்சாமி தலைப்பாகையை இறக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டான்.

"இழுக்குறதா? அதைப் புடிச்சு நிறுத்துறதுதான் கஷ்டமுங்க! பின்னால ரெக்கை எதுக்கு வெச்சான்னு நெனைக்கறீங்க? அழகுக்கா? ஆனி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்குதுல்ல, பூளவாடிப் பக்கம் கரண்டு எடுக்கற காத்தாடியெல்லாம் சுத்துற எடத்துல போறேன். வண்டி லேசாயிட்டே வருது. ஸ்டியரிங்கைத் திருப்பறேன், ரோடு திரும்ப மாட்டேங்குது. எட்டிப் பாத்தா ரோடு பனைமர ஒசரத்துக்குக் கீழ கெடக்குது!"

"ஆத்தாடி!" என்றது ஒரு குரல்.

"காத்தாடி மேல ஒருத்தரு ஏறி நின்னு ரிப்பேரு பாத்துட்டு இருந்தாரு. கண்ணாடிய எறக்கி, 'தாராபுரம் எந்தப் பக்கமுங்க?'ன்னு கேட்டேன். கைய நீட்டிக் காமிச்சாரு. நல்ல மனுசன். அப்புறம் எறக்குறதுக்குத்தான் பட்ட பாடு. ஒரு பக்கக் கதவைத் தெறந்து தெறந்து, சாத்திச் சாத்தி, பருந்து மாதிரி வட்டம் போட்டு எறக்கினேன். அன்னியில இருந்து டிக்கியில ஆட்டுக்கல்லு வெச்சுத்தான் வெளிய எடுக்கறது."

மாப்பிள்ளை நந்தகோபால் மாலையும் தலைப்பாகையுமாக ஓடிப்போய் டிக்கியைத் திறந்து பார்த்தான். உள்ளே உண்மையிலேயே ஆட்டுக்கல் இருந்தது. கல்யாண மண்டபத்தில் மாவாட்ட எடுத்துப் போட்டிருந்தார்கள்.

"பெரியப்பா, இருக்குதுங்க!" என்று கத்தினான்.

அவ்வளவுதான், கூட்டத்துக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ஒருத்தர் ரெக்கையைத் தடவினார். ஒருத்தர் கூரைக்குக் கும்பிடு போட்டார். மயிலாத்தாள்கூட ரெண்டு முறை கதவைச் சாத்திக் காது கொடுத்துக் கேட்டாள். தெய்வசிகாமணி மட்டும் கையை உயர்த்தினார். எல்லோரும் அடங்கினார்கள்.

"கேட்டாச்சு, சிரிச்சாச்சு. வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க. காதால கேட்டுட்டு, கண்ணால பாத்துட்டு, மாப்பிள்ளைய ஏத்தறேன். இல்லைன்னா நடந்தே வர்றோம்."

நடந்தே வருகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். பெண் வீட்டு வாகனத்தை மறுத்த சம்பந்தம் என்று ஊர் வருஷக்கணக்கில் பேசும். மண்டபத்தில் மருதாணிக் கையோடு உட்கார்ந்திருக்கும் வேணியின் முகம் சென்னியப்பனின் கண்ணில் வந்தது. ஆனால் அந்த வாய் இருக்கிறதே, அது அவரைக் கேட்காமலேயே திறந்தது.

"ஸ்டார்ட் பண்றதா? சம்பந்தி, அது ஓடிட்டுத்தானுங்க இருக்குது!"

"என்ன?"

"நீங்க வந்ததுல இருந்து ஓடுது. எட்டு சிலிண்டரு. ஒண்ணு பேசுனா ஏழும் வாய மூடிட்டுக் கேக்கணும்னு பழக்கி வெச்சிருக்கான். இதனாலதான் கம்பெனியே மூடுனதுங்க! அமெரிக்காவுல ஒருத்தன் வண்டி ஓடுறது தெரியாம எறங்கிக் கல்யாணம் பண்ணப் போயிட்டான். திரும்பி வந்து பாத்தா மூணு கொழந்தை ஆயிருச்சு, என்ஜின் இன்னும் ஓடிட்டு இருக்குது."

தவில்காரர் கைகூட நின்றது. மயிலாத்தாள் தோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பானட்டில் காதை ஒட்டினாள்.

"ஒண்ணுமே கேக்கலையே?"

"அதேதானுங்க அக்கா!"

"எனக்கு லேசா அதிருதுங்க" என்றார் பம்பரில் கை வைத்திருந்த ஒருவர். "எனக்கும்" என்றார் பக்கத்தில் நின்றவர். தனக்கு மட்டும் அதிராமல் போனால் நன்றாக இருக்காது என்று இன்னும் நாலு பேர் கை வைத்தார்கள். எல்லோருக்கும் அதிர்ந்தது.

தெய்வசிகாமணி குனிந்தார். இருபத்தெட்டு வருஷம் பழகிய விரல் கொக்கியைத் தானாகக் கண்டுபிடித்தது. பானட் ஒரு முழம் எழும்பியது. தலையை உள்ளே விட்டார்.

உள்ளே நூற்றியொரு தேங்காய் அடுக்கியிருந்தது. தாம்பூலப் பைக்குப் போடுவதற்காக, குளிர்ச்சியான இடம் என்று சென்னியப்பன் வீட்டுக்காரி அடுக்கி வைத்தது.

தலை உள்ளேயே இருந்தது. வெளியில் எல்லோரும் காத்திருந்தார்கள். சென்னியப்பன் பக்கத்தில் போய்க் குனிந்து நின்றார்.

"மன்னிச்சுருங்க" என்றார் சத்தம் வராமல். "எம் புள்ள ஒரு பாவமும் அறியாதுங்க. பொய்யெல்லாம் நானே பேசுனது."

"எஃப்.சி. பேப்பர் எங்க?" பெரியப்பாவின் குரல் தேங்காய்க்கு நடுவிலிருந்து வந்தது. "என்ஜின் இல்லாத வண்டிக்கு எந்தக் கழுதை கையெழுத்துப் போட்டான்னு பாக்கணும். அவனச் சும்மா விடப் போறதில்லை."

சென்னியப்பன் டேஷ்போர்டிலிருந்து பாலித்தீன் கவரை எடுத்து வந்தார். தெய்வசிகாமணி பானட்டுக்குள்ளேயே வைத்துக் கண்ணாடி போட்டுப் பிரித்தார். ஒட்டியிருந்த பென்சில் பிரிண்டைத் தடவினார். தேதியைப் பார்த்தார். அதற்குக் கீழே பார்த்தார். அப்படியே பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடியில் கிறுக்கலே இல்லாமல், முத்து முத்தான எழுத்தில், முழுப் பேரும் தமிழில் இருந்தது. தெய்வசிகாமணி.

"அன்னிக்கு மழைங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

சென்னியப்பன் எட்டி அந்தக் கையெழுத்தைப் படித்தார்.

"அடை மழைங்க" என்றார்.

"வெளிய வந்து பாக்கற மழையா?"

"சத்தியமா இல்லைங்க. ஒரு மனுசன் வெளிய தலை நீட்ட முடியாது."

தெய்வசிகாமணி பேப்பரை நாலாக மடித்துத் தன் ஜிப்பா பையில் போட்டுக்கொண்டார். பானட்டைப் பூப்போல இறக்கிச் சாத்தினார். கையைத் துடைத்தார். திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார்.

"எப்படிங்க பெரியப்பா?" என்றான் மாப்பிள்ளை.

"இருவத்தெட்டு வருச சர்வீசுல இப்படி ஒரு என்ஜினைப் பாத்ததில்லை" என்றார் அவர், தொண்டையைக் கனைத்துக்கொண்டு. "ஒரு சொட்டு ஆயில் ஒழுகல. சூடே கெடையாது. புகை வரவே வராது, அதுக்கு நான் கேரண்டி. ஏறு வண்டியில."

நாயனம் ஒலித்தது. தவில் வெடித்தது. சென்னியப்பன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "சம்பந்தி ஏனுங் வாயே தெறக்க மாட்டேங்கறாரு?" என்று மயிலாத்தாள் ஆச்சரியப்பட்டாள். மாப்பிள்ளை பக்கத்தில் ஏறிக்கொண்டான். கதவு பஞ்சமத்தில் சாத்திக்கொண்டது.

கார் நகரவில்லை.

ஆறுச்சாமியும் நாலு பேரும் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார்கள். நாயனக்காரர் பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தார். கார் நின்ற இடத்திலேயே நின்றது. தெய்வசிகாமணி ரெக்கைகளையும் தலைப்பாகைகளையும் ஒருமுறை பார்த்தார். அஞ்சு பேர். நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டினார், பின்னால் போனார், ரெண்டு கையையும் டிக்கியில் பதித்துத் தோளைக் கொடுத்தார். டச்சஸ் சத்தமே இல்லாமல் கிளம்பியது.

மண்டபத்துத் தெருமுனை வந்ததும் நந்தகோபால் ஜன்னலில் தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தான்.

"பெரியப்பா! பின்னால என்ன பண்றீங்க? இப்படி வேர்த்து ஊத்துது? உள்ள வந்து உக்காருங்க!"

"நீ உக்காரு கண்ணு" என்றார் தெய்வசிகாமணி மூச்சு வாங்க. "அமெரிக்கக் கார், விட்டாப் பறந்துரும். நான் இழுத்துப் புடிச்சுட்டு வர்றேன்."